குறுக்குப் பேச்சு

குன்னூர் எக்ஸ்சேஞ்சில் எனக்கு இரவு டூட்டி.
மழை பிடித்துக்கொண்டால்
ஒரு கம்பியின் பேச்சை இன்னொரு கம்பி குடிக்கும்.
கோத்தகிரித் தரகர் இலைக்கு விலை சொல்வார்,
அதற்கு அடியில், நூல் கனத்தில்,
மேட்டுப்பாளையத்தில் எவளோ சிரிப்பாள்.
கோளாறு என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.
எழுதுவேன்,
முதலில் கொஞ்சம் கேட்டுவிட்டு.

அது அறுபத்தைந்து. எங்கள் குழுவில் நாலு பேர்.
அருவங்காடு வெடிமருந்து ஆலை டெரன்ஸ் ரெபெய்ரோ, கிட்டார்.
உருளைக்கிழங்கு மண்டி ஜோகி, டிரம்.
அவன் தம்பி ஹாலனுக்கு பேஸ்.
பேஸ் என்றால் கவிழ்த்த தேயிலைப் பெட்டி, ஒரு மூங்கில்,
எக்ஸ்சேஞ்சிலிருந்து நான் சுருட்டிய கம்பி.
நான் ரெஜினா, மேல்குரல்.
லிவர்பூல் பையன்களும் முதலில் இப்படித்தான்
பெட்டியைக் கவிழ்த்தார்களாம், டெரன்ஸ் சொன்னான்.
எந்த எஸ்டேட் பெட்டியோ, என்றான் ஜோகி.
நமக்கு முன்னால் நம் பெட்டி கப்பலேறிப் பாடியிருக்கிறது.

சிலோன் ரேடியோவில் பாட்டு வரும்.
லாம்ப்ஸ் ராக் பக்கம் மேகம் இறங்கினால் பாதி வரும்.
வராத பாதிக்கு டெரன்ஸ் சொந்தமாக இங்கிலீஷ் செய்வான்.
நெற்றிவரை முடியை இறக்கிவிட்டுச் சொல்வான்:
"இந்தப் பாட்டுக்கு அப்பன் ஆத்தா கிடையாது.
நேத்துப் பொறந்தது."
நம்பினோம்.
எங்களுக்கும் அப்படி இருக்க ஆசை.

மார்ச்சில் ஒரு துரை ஊருக்குக் கப்பலேறினார்.
ஏலத்தில் மான்கொம்பு போயிற்று, பாத்டப் போயிற்று,
யாரும் கை தூக்காத ரிக்கார்டுப் பெட்டி
பதினோரு ரூபாய்க்கு என் தலையில்.
பாதி கீறல். அமெரிக்க மாட்டுக்காரன் பாட்டு
என்று மூக்கைச் சுளித்தான் டெரன்ஸ்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிராமபோனில் முதல் தட்டு.
இரண்டு ஆண்கள், அண்ணன் தம்பியாக இருக்கலாம்.
ஒருவன் பாட்டைப் பிடித்து நடக்கிறான்.
மற்றவன் அவனுக்கு ஒரு படி மேலே,
சைக்கிள் பாரில் உட்கார்ந்தவன் மாதிரி,
திரும்பும் இடமெல்லாம் திரும்புகிறான்.
எனக்குக் காது சுட்டது.
அந்த ஒரு படி என்னுடையது.
புதுச் சேலை என்று கட்டிக்கொண்டு போய்
முந்தி ஓரத்தில் யாருடையதோ சலவைக்குறியைப் பார்த்தது போல.

இரண்டாவது தட்டில் ஒருத்தன் பியானோவை உதைக்கிறான்.
ஒன்றை விட்டு இரண்டில் அடி, மூன்றை விட்டு நாலில் அடி.
ஜோகி தொடையில் தட்டிப் பார்த்தான், நிறுத்தினான்.
"நம்ம அடிதானே இது?"
அப்புறம் மெதுவாக, "இல்ல, நாமதான் இவனோட அடியா?"

மூன்றாவதில் கிட்டார் ஒரு கம்பியை வளைத்து
மூக்கால் அழுதது.
டெரன்ஸ் முள்ளைத் திருப்பி வைத்தான். திரும்பவும்.
எட்டுத் தடவை.
கண்ணாடி முன் அவன் பழகிய ஆறு சுரம்,
லிவர்பூலில் திருடியதாகப் பெருமைப்பட்டது.
லிவர்பூல்காரன் இந்த மாட்டுக்காரனிடம் திருடியிருக்கிறான்.

"குறுக்குப் பேச்சு," என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
டெரன்ஸ் இரண்டு வாரம் ஒத்திகைக்கு வரவில்லை.
வந்தபோது முடியைப் பின்னால் சீவியிருந்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று, இன்ஸ்டிட்யூட் டான்ஸ்.
பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று.
ஆம்ப்ளிஃபயர் செத்தது.
பாட்டு நடுவில் நிற்கிறது, ஒரு காலைத் தூக்கியபடி.
டெரன்ஸ் மரக்கிட்டாரைத் தடவி எடுத்தான்,
அதே பாட்டைப் பாதி வேகத்தில் தொடங்கினான்,
மூக்கால், மாட்டுக்காரன் மாதிரி.
நான் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.
மரத்தரையில் ஷூக்கள் இரண்டிலும் நாலிலும் விழுந்தன.
தேயிலைப் பெட்டி மட்டும் வயிற்றில் கேட்டது.
இது பழைய பாட்டா புதுசா என்று
இருட்டில் யாரோ கத்தினார்கள்.
ஹாலன் சொன்னான்: தெரியாது, கம்பி அறுந்துபோச்சு.

ஜனவரி ஸ்டாக் எடுப்பில் சூப்பர்வைசர் கேட்டார்,
நாற்பதடி கம்பி குறைகிறதே?
குரங்கு, என்று எழுதினேன்.